திருப்பிச் சொல்கிற மாப்பிள்ளை

என் தங்கையின் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த வாரத்தில், எங்கள் தெருவில் பார்த்தவர்கள் எல்லாரும் அவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். எங்கே செக்யூரிட்டியாகப் போகப் போகிறீர்கள் என்பதுதான் அது. இனி வேலைக்குப் போவீர்களா, என்ன வேலை தெரியும் என்றெல்லாம் ஒருவரும் கேட்கவில்லை. பட்டாளத்து ஆள் என்றால் ஏதாவது ஒரு கேட்டுக்குப் பக்கத்தில் விறைப்பாக நிற்க வேண்டும் என்று ஊரே கூடி முடிவு செய்துவிட்டது. எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். எதிர்வீட்டுத் தையல்காரர் அதே கேள்வியோடு வந்தபோது, சின்ன வயதில் பட்டன் தைத்தீர்கள் என்பதற்காக இன்றைக்கும் பட்டன் மட்டும்தான் தைக்கிறீர்களா என்று கேட்டேவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் துணி மட்டும் சொன்ன தேதிக்கு வருவதே இல்லை.

மாப்பிள்ளை பதினேழு வருஷமும் சிக்னல் பிரிவில் இருந்தவர். துப்பாக்கியைத் தூக்கியதைவிட ரேடியோப் பெட்டியை முதுகில் தூக்கியதுதான் அதிகம். காதில் ஹெட்போன், கையில் மைக். ஓரிடத்தில் சொன்னதை இன்னோரிடத்துக்கு ஒரு சொல் மாறாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவர் வேலை. யாரையாவது சுட்டிருக்கிறீர்களா என்று என் பிள்ளைகள் கேட்டால், "இல்ல, மெதுவா பேசுங்கன்னு நிறைய பேர்கிட்ட சொல்லியிருக்கேன்" என்பார். கிண்டலாகச் சொல்கிறாரா நிஜமாகச் சொல்கிறாரா என்று அந்த முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நானும் பலமுறை முயன்று தோற்றவள்தான்.

வந்த சில நாட்களில் வேலை தேட ஆரம்பித்தார். முதல் இன்டர்வியூ ஒரு சரக்கு லாரி கம்பெனியில், எந்த லாரி எங்கே நிற்கிறது என்று போனில் விசாரித்துச் சொல்கிற வேலைக்கு. இவருக்காகவே செய்து வைத்த வேலை என்று நினைத்தேன். போன வேகத்தில் திரும்பி வந்தார். பேச்சு முழுக்க நின்றுகொண்டே நடந்ததாம். அவர்கள் நாற்காலியைக் காட்டவே இல்லையா என்று கேட்டேன். கையால் காட்டினார்கள், உட்காருங்கள் என்று சொல்லவில்லை என்றார். எங்கேயோ அவசரமாகப் போக வேண்டிய ஆள் போலிருக்கிறது என்று நினைத்து அவர்களும் சுருக்கமாகக் கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்தது ஒரு தனியார் வங்கி. ஐந்து வருஷம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். "எங்க அனுப்புறீங்களோ அங்க" என்று பதில் சொல்லியிருக்கிறார். மூன்றாவதாக ஒரு ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜை. நீங்கள் தனிப்பட்ட முறையில் சாதித்தது என்ன என்ற கேள்விக்கு, என் கையில் வந்த எந்தச் செய்தியும் தொலைந்துபோகவில்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அவர்கள் மேலே ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தார்கள். இவர் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார். இப்படியே இரண்டு பக்கமும் காத்திருந்து அந்த வேலையும் போயிற்று. மூன்று இடத்திலிருந்தும் பிறகு போன் வந்தது. மூன்று பேரும், செக்யூரிட்டியில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, வருகிறாரா என்றுதான் கேட்டார்கள்.

அவர் இதையெல்லாம் வீட்டுக்கு வந்து, கேட்ட கேள்வியும் சொன்ன பதிலும் வரிசை மாறாமல் எங்களிடம் ஒப்பிப்பார். துளிக்கூட வெட்கமோ வருத்தமோ தெரியாது. என் தங்கை எழுந்துபோய், ஏற்கெனவே கழுவி வைத்த தட்டை மறுபடி கழுவுவாள்.

அவள் பயம் எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர்களைப் பிடித்து வெளியே அனுப்புகிற ஏஜென்ட் ஒருவர், மாப்பிள்ளை வந்து இறங்கிய மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். நடுக்கடலில் எண்ணெய்க் கிணறு, அதற்குக் காவல், இங்கே கிடைப்பதைப்போல் இரண்டு மடங்கு சம்பளம், வருஷத்துக்கு ஒருமுறை லீவு. இடம் வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் முடிவதற்குள் பதில் சொன்னால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து இருந்த நாட்களைக் குறிக்க ஒரே ஒரு காலண்டர் போதும். மகள் பிறந்தபோதும் அவர் இல்லை, அவள் நடந்தபோதும் இல்லை. இப்போது வந்திருக்கிற மனுஷனைக் கடல் கேட்கிறது.

"அவர் திரும்பப் போனா நான் அழ மாட்டேன்க்கா" என்றாள் தங்கை ஒருநாள். "பழகிடுவேன். அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

மறுநாள் காலையில் நேராக எங்கள் மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் போய் நின்றேன்.

நான் வேலை பார்ப்பது வாஷிங் மெஷினும் ஃப்ரிட்ஜும் விற்கிற ஒரு கம்பெனியில். விற்கிற மாடி வேறு, அங்கே பூச்செண்டும் குளிர்சாதனமும் உண்டு. வாங்கியவர்கள் திட்டுவதற்கென்று இருக்கிற மூன்றாவது மாடியில்தான் நான் இருக்கிறேன். ஜன்னல் இல்லாத நீள அறை, பாதி உயரத் தடுப்பு வைத்த எட்டு மேஜைகள், ஆளுக்கொரு ஹெட்போன். அத்தனை பேருக்கும் நான்தான் தலைவி. சுவரில் ஒரு பெரிய போர்டு உண்டு. யார் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று அது காட்டும். சீக்கிரம் முடித்தால் பச்சை, இழுத்தால் சிவப்பு. எங்கள் அறையின் வழக்கம் எளிது. வருத்தம் தெரிவி, முகவரி வாங்கு, ஆள் வருவார் என்று சொல், போனை வை. இதில் எங்கள் கெட்டிக்காரி மூலை மேஜையில் இருக்கிற ஒரு பெண். ரயில் என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். எதிரில் இருப்பவர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் இவள் நன்றி சொல்லி வைத்திருப்பாள். அவள் பெயருக்கு எதிரே பச்சையைத் தவிர வேறு நிறத்தை நான் கண்டதில்லை.

மேனேஜர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவருடைய அறையிலும் ஒரு போர்டு இருக்கிறது, அவ்வளவுதான். தங்கை வீட்டுக்காரர், பட்டாளத்தில் இருந்தவர் என்று நான் ஆரம்பித்ததும் அவர் முகம் மலர்ந்தது. கீழே கேட்டில் ஆள் இல்லாமல் திண்டாடுகிறோம் என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். கேட்டுக்கு இல்லை, என் அறையில் காலியாக இருக்கிற மேஜைக்கு, ஒரு மாதம் பார்க்கலாம், நான் பொறுப்பு என்றேன். அந்தக் கடைசி வார்த்தை தானாக வாயிலிருந்து விழுந்துவிட்டது. மேனேஜர் அதை மட்டும் பிடித்துக்கொண்டார். நீங்கள் பொறுப்பு என்றால் சரி என்றார்.

இப்படித்தான் எங்கள் அறைக்கு முதல் ஆண்பிள்ளை வந்து சேர்ந்தார். பெண்கள் அவருக்குப் பட்டாளத்தார் என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் அவர் மாப்பிள்ளை. அவர் வந்தால் நல்ல நாற்காலி அவருக்கு, முதல் தட்டு அவருக்கு. நான் குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசியதில்லை. அலுவலகத்தில் எல்லாம் தலைகீழ். நான் அவர் மேஜைப் பக்கம் போனால் போதும், சட்டென்று எழுந்து நிற்பார். ஹெட்போன் ஒயர் அவ்வளவு நீளம் கிடையாது. அது காதைப் பிடித்துக் கீழே இழுக்க, இவர் மேலே விறைக்க, பார்க்கவே பாவமாக இருக்கும். வீட்டில் அக்கா என்று கூப்பிடுகிறவர் இங்கே மேடம் என்றதும், யாரைக் கூப்பிடுகிறார் என்று முதல் நாள் திரும்பிப் பார்த்தேன்.

முதல் நாள் பதினொரு மணிவாக்கில் ஓர் அம்மாள் கூப்பிட்டார். புதிதாக வந்தவர் எப்படிப் பேசுகிறார் என்று நானும் இன்னொரு ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மாளுக்குத் தொண்டை வற்றவே இல்லை. உங்கள் மெஷின் துணியைத் துவைக்கவில்லை, மெல்லுகிறது, விற்றவன் பெரிய கேடி, அதை நம்பி வாங்கிய என் புருஷன் ஒரு ஏமாளி என்று கொட்டித் தீர்த்தார். நாங்களாக இருந்தால் முதல் மூச்சிலேயே குறுக்கே புகுந்து வருத்தம் தெரிவித்திருப்போம். மாப்பிள்ளை வாயையே திறக்கவில்லை. நடுவில் அந்த அம்மாளே சந்தேகப்பட்டு, லைனில் இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுத் தொடர்ந்தார். எல்லாம் சொல்லி முடித்துச் சத்தம் ஓய்ந்த பிறகு, இவர் நிதானமாக ஆரம்பித்தார்.

"நீங்க சொன்னது. மெஷின் துணியைத் துவைக்கல, மெல்லுது. வித்தவர் கேடி. வாங்குன உங்க கணவர் ஒரு ஏமாளி. சரிதானா?"

அந்த அம்மாள், "ஏமாளின்னு நான் சொல்லலாம். நீங்க எப்படிச் சொல்லலாம்?" என்றார். மெஷின் மேல் இருந்த புகாரை அப்படியே விட்டுவிட்டு இவர் மேல் புகார் கொடுத்தார். மாப்பிள்ளை அந்தப் புகாரையும் கடைசிவரை கேட்டு, அதையும் திருப்பிச் சொல்லி, சரிதானா என்றும் கேட்டு, இரண்டு புகாரையும் எழுதி அனுப்பினார். போர்டில் அவர் பெயர் ரத்தச் சிவப்பாக நின்றது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். எனக்கோ மாப்பிள்ளையைத் திட்ட வாய் வரவில்லை. வீட்டு மாப்பிள்ளையை எப்படித் திட்டுவது? தங்கைக்குப் போன் போட்டு, இருந்த ஆத்திரத்தையெல்லாம் அவளிடம் கொட்டினேன். வாடிக்கையாளர் திட்டினால் திட்டை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும், இதைக்கூடச் சொல்லித்தர வேண்டுமா, அந்த மரக்கட்டையிடம் நீயே சொல் என்றேன். மறுநாள் காலை நான் அறைக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளை எழுந்து நின்றார்.

"நேத்து நீங்க சொல்லி அனுப்பினது, மேடம். திட்டை விட்டுடணும், விஷயத்தை மட்டும் திருப்பிச் சொல்லணும். மேலும், நான் ஒரு மரக்கட்டை. சரிதானா?"

ஒன்பது வருஷம் சிக்னல்காரரோடு குடும்பம் நடத்தியவள், ஒரு வார்த்தை குறையாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். ரயில் சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைக்கடியில் குனிந்து எதையோ தேட ஆரம்பித்துவிட்டாள். பாதி சரி என்று சொல்லிவிட்டு நான் என் நாற்காலிக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு திட்டைத் திருப்பிச் சொல்வது நின்றது. ஆனால் நீளம் குறையவில்லை. மற்றவர்கள் மூன்று பேரிடம் பேசி முடிக்கிற நேரத்தில் இவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருப்பார். தினமும் சிவப்பு. மாதம் ஓடிக்கொண்டிருந்தது. ஏஜென்ட் இரண்டு தடவை வீட்டுக்குப் போன் செய்துவிட்டார் என்று தங்கை சொன்னாள். நான் பொறுப்பு என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று எனக்கு ராத்தூக்கம் கெட்டது. கடைசியில் ஒருநாள் மத்தியானம் கான்டீனில் அவர் எதிரே உட்கார்ந்து கேட்டேவிட்டேன். அவர்கள் பேசும்போது நடுவில் புகுந்து முடித்துவிட்டால் என்ன, சரிதானா என்று வேறு ஒவ்வொரு தடவையும் எதற்குக் கேட்க வேண்டும்?

அவர் சாப்பிடுவதை நிறுத்தி, கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டுப் பதில் சொன்னார். ரேடியோவில் ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசும்போது அடுத்தவரும் அழுத்தினால் இரண்டு பேச்சும் கெட்டுவிடுமாம். அதனால் முடியும்வரை காத்திருந்தே பழக்கமாம். "அவங்க சரின்னு சொன்னாதான் சொன்னது எனக்கு வந்து சேர்ந்துச்சுன்னு அர்த்தம்க்கா. அது இல்லாம போனை வச்சா, அவங்களும் நானும் சும்மா காத்துல பேசினவங்கதானே" என்றார். கான்டீன் என்பதால் அக்கா என்றார் போலிருக்கிறது. என் தட்டில் இருந்த பழத்தை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.

இதற்கு இரண்டு நாள் கழித்து, எங்கள் மாடிக்கு யாரும் எதிர்பார்க்காத ஆள் ஒருவர் வந்தார். கீழே இருக்கிற ரிப்பேர்க்காரர்களின் மூத்தவர். எப்போதும் சட்டைப் பையில் திருப்புளி குத்தியிருப்பதால் அவர் பெயரே திருப்புளி ஆகிவிட்டது. ரிப்பேர்க்காரர்கள் மேலே வர மாட்டார்கள். அவர்களுக்கு எங்களைக் கண்டால் ஆகாது. நாங்கள் சொல்வது ஒன்று, அங்கே போய்ப் பார்த்தால் இருப்பது வேறொன்று என்று எங்களை ஜென்மப் பகையாகப் பார்ப்பார்கள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாரானேன்.

அவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல பட்டாளத்தார் யாரு?" என்று கேட்டார். மாப்பிள்ளை எழுந்தார், ஒயர் இழுத்தது. திருப்புளி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் விஷயத்தைச் சொன்னார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும்போது கீழே அடிதடியே நடக்கிறதாம். எல்லாருக்கும் பட்டாளத்தார் பேசி அனுப்பிய வேலைதான் வேண்டுமாம். நாங்கள் மெஷின் ஓடவில்லை என்று ஒரே வரியில் சொல்லி அனுப்புவோம். இவர் அனுப்பியதில், மெஷின் ஓடுகிறது, சுற்றிப் பிழியும்போது மட்டும் குதிக்கிறது, வீடு மாறி வந்த பிறகுதான் இப்படி என்று இருந்ததாம். அதைப் படித்ததுமே மெஷினின் கால்கள் மட்டமாக நிற்காததுதான் கோளாறு என்று தெரிந்து, ஒரே நடையில் போய்ச் சரிசெய்துவிட்டு வந்தார்களாம். "உங்க மத்த பொண்ணுங்க அனுப்புற வேலைக்கு ஒரே வீட்டுக்கு மூணு நடை நடக்கறோம்மா" என்றார். ரயிலின் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கும் உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனால் அதைவிட அதிகமாகக் குதூகலமாக இருந்தது.

அப்போதுதான் இன்னொன்றும் எனக்கு உறைத்தது. எங்களுக்கு வருகிற போனில் பாதிக்கு மேல், ஏற்கெனவே கூப்பிட்டவர்களே மறுபடி கூப்பிடுவது. இரண்டாம் தடவை கூப்பிடுகிறவர் முதல் தடவையைவிட உரக்கக் கத்துவார், மூன்றாம் தடவை சொல்லவே வேண்டாம். அந்தக் குரல்கள் எனக்கு மனப்பாடம். ஆனால் மாப்பிள்ளையிடம் பேசிய ஒருவர்கூட மறுபடி கூப்பிட்டு நான் கேட்கவில்லை. புருஷனை ஏமாளி என்ற அந்த அம்மாள் மட்டும் கூப்பிட்டார். மெஷின் சரியாகிவிட்டது, அந்தத் தம்பி நன்றாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மாதக் கடைசி நாள். ஏஜென்டுக்கும் அன்றைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சாயங்காலம் மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கண்ணாடி அறைக்குள் அழைத்தார். மேனேஜர் கண்ணாடி வழியே போர்டைக் காட்டி, மாதம் முழுக்கச் சிவப்பு, மேலே இருப்பவர் கேட்கிறார் என்றார். திட்டவில்லை. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு கனிவாகத்தான் சொன்னார். நல்ல மனிதர், ஒழுக்கமானவர், வெளியே அனுப்ப மனம் வரவில்லை, நாளையிலிருந்து கீழே கேட்டுக்கு வந்துவிடட்டும், பட்டாளத்துக்காரருக்கு அதுதானே பொருத்தம், பன்னிரண்டு மணி நேர வேலை, பெரும்பாலும் ராத்திரி, சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

நான் வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை பக்கத்தில் இல்லாவிட்டால் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசியிருப்பேன். ஆனால் அவர் கையை லேசாகத் தூக்கினார். மேனேஜர் சொல்லி முடிக்கிறவரை காத்திருந்தார், சொன்னதைத் திருப்பிச் சொன்னார், சரிதானா என்று கேட்டார். மேனேஜர் சரி என்றார். போச்சு, இனி சல்யூட் வைத்துவிட்டு நேரே கேட்டுக்குப் போய் நின்றுவிடுவார் என்று நினைத்தேன். பதினேழு வருஷமாகச் சொன்னதைச் செய்த மனுஷன். நில் என்றால் நிற்பார், போ என்றால் போவார். வேலை தேடிப்போன இடத்தில்கூட இது எனக்கு வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியாதவர்.

"சார், நீங்க சொன்னது எனக்குக் கிடைச்சுது" என்றார். "ஆனா நான் போகல."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். நானும் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் குரல் நடுங்கியது. அதுவரை அந்தக் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை.

"கேட்டுல நிக்கிறது கேவலம்னு சொல்லல சார். அங்க நிக்கிறவங்களை எனக்குத் தெரியும், கஷ்டமான வேலை. ஆனா எனக்குத் தெரிஞ்சது அது இல்ல. எனக்குத் தெரிஞ்சது, ஒருத்தர் சொல்றதைக் கேட்டு வாங்கறது. அதை யாருமே கேக்க மாட்டேங்கறாங்க. பட்டாளம்னு சொன்னதும் நிக்கத்தான் சொல்றாங்க. நிக்கிறதுதான் என் வேலைன்னா, ரெட்டைச் சம்பளத்துக்குக் கடல்ல போய் நிப்பேன். எனக்கு இந்த வேலை வேணும், சார். நான் வீட்டுல இருக்கணும்."

கடைசி வரியைச் சொல்லும்போது அவர் மேனேஜரைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்தார். என் கண் நிறைந்துவிட்டது. இதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மேனேஜருக்குப் போர்டுதானே கவலை, அதற்கு நானே வழி சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். முதல் தடவை கூப்பிடுகிறவர்களை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். மறுபடி கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் இவரிடம் வரட்டும். போர்டைச் சிவப்பாக்குவதே அவர்கள்தான். அவர்கள் இவரிடம் போய்விட்டால் மற்ற ஏழு பேரும் பச்சை. இவர் பெயரைப் போர்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். இவரிடம் பேசியவர் மறுபடி கூப்பிடுகிறாரா இல்லையா என்று மட்டும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் திருப்புளியைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன்.

மேனேஜர் உண்மையிலேயே திருப்புளியைக் கூப்பிட்டார். திருப்புளி மேலே வர மறுத்து, கீழிருந்தே போனில் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. சத்தம் மட்டும் கண்ணாடிக்கு வெளியேகூடக் கேட்டிருக்கும். மேனேஜர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தபடி கேட்டார். வைத்த பிறகு சிறிது நேரம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழும் பச்சையாக இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்திருப்பார் போல. அப்புறம், சரி, இவரை நிரந்தரமாகவே போட்டுக்கொள்ளலாம், ஆனால் எழுந்து எழுந்து நின்று ஹெட்போனை உடைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார்.

வெளியே வந்து செய்தியைச் சொன்னதும் அறையில் ஒரே கைத்தட்டல். அதில் ரயில் தட்டியதுதான் பலம். கத்துகிறவர்கள் எல்லாரும் இனி அவள் பக்கம் வரப்போவதில்லை என்பதால் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நான் அவரோடு தங்கை வீட்டுக்குப் போனேன். அவர் சொல்வதை அவள் கேட்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கதவைத் திறந்தவள் எங்கள் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்று பயம். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றுவதற்குள் ஏஜென்டின் போன் வந்துவிட்டது. அவர் எடுத்து, ஏஜென்ட் சம்பளத்தையும் சலுகையையும் அடுக்கி முடிக்கிறவரை கேட்டார். பிறகு, "வரல. எனக்கு இங்க வேலை கிடைச்சுடுச்சு. இனிமே கூப்பிட வேணாம்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

தங்கை, நிரந்தரமா என்று என்னைக் கேட்டாள். நிரந்தரம் என்றேன். கட்டிப்பிடித்து அழுவாள், நானும் சேர்ந்து அழலாம் என்று தயாராக இருந்தேன். அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். அடுத்த நிமிஷம் படுக்கையறையிலிருந்து சத்தம் கேட்டது.

"ஈரத் துண்டைக் கட்டில் மேல போடாதீங்கன்னு ஒரு மனுஷி எத்தனை நாளைக்குத்தான் வாயை மூடிக்கிட்டு இருக்கறது?"

நான் அசந்துபோனேன். ஒன்பது வருஷத்தில் அவள் தன் புருஷனைச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. இவ்வளவு சாதுவா நம் தங்கை என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். எனக்கு இப்போதுதான் புரிந்தது. லீவில் வந்த மனுஷனோடு யார் சண்டை போடுவார்கள்? இருக்கிற கொஞ்ச நாளைச் சண்டையில் செலவழிக்க யாருக்கு மனம் வரும்? அத்தனை சண்டையையும் அவள் மடித்து உள்ளே வைத்திருந்திருக்கிறாள்.

துண்டோடு நிற்கவில்லை. பற்பசையை நடுவில் அமுக்குவது, விளக்கை அணைக்காமல் போவது, மகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறேன் என்று அவளைத் தூங்க வைப்பது என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மகள் பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு இவ்வளவு சத்தம் வருமா என்று வேடிக்கை பார்த்தாள். மாப்பிள்ளை கூடத்தின் நடுவே நின்று, என்னைக் காப்பாற்றுங்கள் என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தார். நான் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். புருஷன் பெண்டாட்டி சண்டையில் எனக்கென்ன வேலை?

தங்கை துண்டைக் கையில் பிடித்தபடி வாசல்வரை வந்துவிட்டாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது, குரல் மட்டும் இறங்கவில்லை.

"பாருக்கா இந்த மனுஷனை. இனிமே தினமும் இதைத்தான் பண்ணப் போறாரு. தினமும்."

இரண்டாம் தடவை அந்த வார்த்தையைச் சொன்னதும் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.